ஐம்பது கொடியில் ரெட் ஒயின்: ரகம் தேர்வதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஒயினுக்காகச் சிறு அளவில் திராட்சை வைப்பவர்கள் பெரும்பாலும் நாற்றுப் பட்டியலைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். பெயர் கேள்விப்பட்ட ரகம், நாற்றங்காலில் கையிருப்பு உள்ள ரகம், வாங்கி நட்டாயிற்று. மூன்றாம் ஆண்டு முதல் அறுவடை வரும்போதுதான் அந்த ரகம் அந்த இடத்து வெயிலில் பழுக்கவே பழுக்காது என்று தெரியவரும். முப்பது நாற்பது ஆண்டு நிற்கும் பயிரில் இது பெரிய சறுக்கல். மண்ணைத் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பல பிரதேசங்களின் ரெட் ஒயினை அருகருகே வைத்து ருசித்து, எந்த ருசி வெயிலால் வந்தது, எது ரகத்தால், எது தொட்டியில் எடுத்த முடிவால் என்று பிரித்தறியப் பழகுவது. அது பிடிபட்டால் மற்ற எல்லா முடிவும் எளிதாகும்.

அளவு பற்றி முதலிலேயே ஒரு கணக்கு. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், கொடிக்குக் கொடி 1.2 மீட்டர் என்றால் ஐம்பது கொடிக்கு 120 சதுர மீட்டர் போதும். கொடிக்கு 2.5 கிலோ பழம் என்று வைத்தால் 125 கிலோ. ரெட் ஒயினில் 100 கிலோ பழத்துக்கு 60 முதல் 65 லிட்டர் தேறும். ஆக 75 லிட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 100 பாட்டில். ஒரு குடும்பம் வார இறுதிகளில் சமாளிக்கக்கூடிய வேலை இதுதான். இருநூறு கொடி என்றால் மருந்தடிப்பும் கவாத்தும் வார இறுதிக்குள் முடியாது. வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி உண்டா, எத்தனை லிட்டர் வரை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பல இடங்களில் உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். அதைத் தெரிந்துகொண்ட பிறகே நாற்றுக்குப் பணம் கொடுங்கள்.

ருசித்துப் பழகுவது: ஐந்து ஜோடிகள்

ஒரே மாதிரிக் கண்ணாடிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 50 மி.லி., வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். பாட்டிலைத் துணியால் சுற்றி வேறொருவர் ஊற்றட்டும். வாயில் சுழற்றித் துப்பிவிடுங்கள். நான்காவது கண்ணாடிக்கு மேல் விழுங்கினால் குறிப்பு எழுதும் கை பொய் சொல்லத் தொடங்கும். கவனிக்க வேண்டியவை நான்குதான். புளிப்பு: துப்பிய பிறகு நாவின் ஓரத்தில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது. துவர்ப்பு, அதாவது டானின்: ஈறும் கன்னத்தின் உட்புறமும் எவ்வளவு இறுகுகின்றன. ஆல்கஹால்: தொண்டையில் எவ்வளவு சூடு. மரம்: வெனிலா, தேங்காய், புகை வாசனை உண்டா. பழவாசனைகளை அடுக்கி எழுதுவதைவிட இந்த நான்கையும் சரியாகப் பிடிப்பது வளர்ப்பவருக்கு அதிகம் பயன்படும்.

முதல் ஜோடி, பிரான்சின் பர்கண்டியில் விளையும் பினோ நுவாரும் இத்தாலியின் பியெட்மான்ட்டிலிருந்து வரும் பரோலோவும். இரண்டும் வெளிர் நிறம். பினோ வாயில் மெல்லியதாக வழுக்கிப் போகும். நெபியோலோ ரகத்தில் செய்யும் பரோலோவோ ரோஜாவும் தாரும் கலந்த வாசனையைக் காட்டிவிட்டு ஈறைக் கவ்விக்கொள்ளும். சட்டப்படியே அது குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். அந்தத் துவர்ப்பு அடங்க அவ்வளவு காலம் தேவை. நிறமும் துவர்ப்பும் வெவ்வேறு என்பது இந்த ஜோடியில் பிடிபடும். தோலின் நிறம் நொதித்தலின் முதல் ஐந்தாறு நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். விதையின் டானின் ஆல்கஹால் ஏற ஏறத்தான் கரையும். தொட்டியில் தோலை எத்தனை நாள் விடுவது என்ற முடிவுக்கு இதுதான் அடிப்படை.

இரண்டாவது, பிரான்சின் வடக்கு ரோனில் விளையும் சிராவும் ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸும். பெயர்தான் இரண்டு, ரகம் ஒன்று. ரோனில் கருமிளகு வாசனை தூக்கலாக வரும். அதற்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். குளிர்ந்த இடத்தில், நிழல் விழும் குலையில் அது கூடும். பரோசாவில் அதே பழம் ஜாம்போலக் கனத்து, ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தாண்டும். ரகத்தை மாற்றாமல் வெயிலை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

மூன்றாவது, பிரான்சின் போர்டோ பகுதி மெடாக்கும் கலிஃபோர்னியாவின் நாபாவும். இரண்டிலும் கேபர்நே சாவிஞ்ஞோன் ரகம்தான் முதுகெலும்பு. மெடாக்கின் குளிர்ந்த ஆண்டுகளில் பச்சைக் குடைமிளகாய் வாசனை எட்டிப்பார்க்கும். பழம் முழுக்கப் பழுக்காததன் அடையாளம் அது. பைரசீன் என்ற சேர்மத்தின் வேலை. தாமதமாகப் பழுக்கும் இந்த ரகத்துக்கு மெடாக்கின் சரளைமண் தண்ணீரைச் சீக்கிரம் வடித்து, வெயிலில் சூடேறிக் கைகொடுக்கிறது. ஆற்றின் மறுகரையில் களிமண் அதிகமுள்ள பொமரோலில் முன்னதாகப் பழுக்கும் மெர்லோதான் ஆட்சி செய்கிறது. போர்டோக்காரர்கள் ரகங்களைக் கலப்பது அழகுக்காக மட்டுமல்ல. ஒன்று மழையில் போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற கணக்கும் அதில் உண்டு. நாபாவில் அறுவடைக் காலத்தில் பெரும்பாலும் மழை கிடையாது, அதனால் அந்தக் கவலை குறைவு.

நான்காவது ஜோடி மரத்துக்கு. ஸ்பெயினின் ரியோஹாவில் பீப்பாய் பார்க்காத இளம் டெம்ப்ரனியோ ரக ஒயினையும் ரெசர்வா தர ஒயினையும் எடுங்கள். ரெசர்வா மொத்தம் மூன்று ஆண்டு முதிர்ந்தது, அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயில். பழைய பாணித் தயாரிப்பாளர்கள் அமெரிக்க ஓக்கை விரும்புவார்கள். தேங்காயும் வெனிலாவும் அதிலிருந்து வருபவை. கிரான் ரெசர்வாவுக்கு ஐந்து ஆண்டு, அதில் பீப்பாயில் குறைந்தது இரண்டு.

ஐந்தாவது, பிரான்சின் போஜோலேயும் இத்தாலியின் கியாந்தி கிளாசிகோவும். போஜோலேயின் கமே ரகப் பழங்கள் நசுக்கப்படாமல் முழுக்குலையாகவே கரியமில வாயு நிறைந்த தொட்டியில் கிடக்கும். நொதித்தல் பழத்துக்குள்ளேயே தொடங்குவதால் ஸ்ட்ராபெரி, வாழைப்பழ வாசனை வரும், துவர்ப்பு குறையும். சான்ஜியோவேசே ரகம் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டிய கியாந்தியில் புளிப்பும் துவர்ப்பும் கைகோத்து நிற்கும். இரண்டுமே புளிப்பானவை, ஒன்றில் பிடிப்பு உண்டு, மற்றதில் இல்லை.

ரகத்தையும் இடத்தையும் பொருத்துவது

பிடித்த ஜோடி எது என்பது ஒரு பக்கம். அது உங்கள் இடத்தில் பழுக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு வெப்பக் கூட்டல் என்ற முறை உண்டு. அமெரைனும் விங்க்லரும் கலிஃபோர்னியாவுக்காக 1944-இல் வகுத்தது. வளர்பருவத்தின் ஏழு மாதங்களுக்கு (வடகோளத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை) ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 10 டிகிரியைக் கழித்து, மீதியைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1,390-க்குக் கீழே என்றால் பினோ நுவார், கமே போன்றவை. 1,400 முதல் 1,900 வரை மெர்லோ, சிரா, கேபர்நே. இந்த வரம்பின் கீழ்ப்பாதியில் மெர்லோ, மேல்பாதியில் கேபர்நே பாதுகாப்பு. 2,200-ஐத் தாண்டினால் புளிப்பைக் காப்பதே பெரும்பாடு. குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலத்தில் கொடி உறங்குவதில்லை, ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். கீழே சொல்லும் காலக் கணக்கு அங்கே பொருந்தாது.

மேட்டு நிலம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் வளைக்கும். அர்ஜென்டினாவின் மென்டோசாவில் மால்பெக் 1,000 மீட்டருக்கு மேலும் நிற்கிறது. பகலில் கடும் வெயில், இரவில் குளிர். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பதால் பழுத்தும் சோர்ந்துபோகாத ஒயின் கிடைக்கிறது.

நாற்று எப்போதும் ஒட்டுக்கட்டியதாக இருக்கட்டும். 1860-களில் பிரான்சில் பரவிய ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பிய வேரைத் தின்று கொடியையே கொன்றுவிடும். அமெரிக்க இன வேர்ச்செடி (ஒட்டின் அடிப்பகுதி) அதைத் தாங்கும். ஈரக் களிமண்ணுக்கு 101-14, வறண்ட மண்ணுக்கு 110 ஆர், சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணுக்கு 41 பி என்று வேர்ச்செடியிலும் தேர்வு உண்டு. சான்றுபெற்ற நாற்றா என்று பாருங்கள். சிலியில் மெர்லோ என்று நம்பி வளர்த்த கொடிகளில் பெரும்பகுதி கார்மெனேர் என்பது 1994-இல்தான் தெரிந்தது. கார்மெனேர் வாரக்கணக்கில் தாமதமாகப் பழுக்கும். மெர்லோவோடு சேர்த்து அறுத்ததால்தான் அந்த ஒயினில் பச்சை வாசனை வந்தது. ஒரு நாடே ஏமாறக்கூடிய விஷயம் இது.

நடவு, கம்பி

மண்ணின் பிஎச் 5.5 முதல் 7 வரை நல்லது. வளத்தைவிட வடிகால் முக்கியம்: 60 செ.மீ. குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள், மறுநாளும் நின்றால் அங்கே நடாதீர்கள். அளவுக்கு மீறிய வளமும் தொந்தரவுதான். கொடி இலையில் ஓடும், பழம் நிழலில் கிடக்கும்.

நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேல் 5 செ.மீ.யாவது நிற்க வேண்டும். புதைந்துவிட்டால் மேல்பகுதி தன் வேரை இறக்கிக்கொள்ளும், வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீண். வரிசையின் இரு முனையிலும் கனமான கம்பம், அதை வெளிப்புறமாக இழுத்துக்கட்ட நங்கூரம், நடுவில் 5 முதல் 6 மீட்டருக்கு ஒரு கம்பம். தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் 2.5 மி.மீ. கம்பி ஒன்று, பழம் தாங்குவது இதுதான். அதற்கு மேலே 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று ஜோடி 2 மி.மீ. கம்பிகள். தளிர்களை இந்த ஜோடிகளுக்கு இடையே செருகி நேராக மேலே ஏற்ற வேண்டும்.

முதல் ஆண்டு ஒரே ஒரு தளிரை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு அதுவே தண்டாகிக் கம்பியைத் தொடும். அந்த ஆண்டு பூ வந்தாலும் கிள்ளி எறியுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் விட்டால் வேர் இளைத்துப்போகும். மூன்றாம் ஆண்டு சிறு அறுவடை, ஐந்தாம் ஆண்டில் முழு விளைச்சல்.

கவாத்து

ஆண்டின் மிக முக்கியமான நாள் இது. பழம் ஓராண்டுக் கிளையிலிருந்து எழும் புதுத் தளிரில்தான் காய்க்கும். எனவே பழைய மரத்தை எவ்வளவு வெட்டுவது, எத்தனை மொட்டு விடுவது என்பதே அடுத்த அறுவடையின் அளவு. குயோ முறையில் பென்சில் தடிமனுள்ள ஒரு கிளையை 8 முதல் 10 மொட்டோடு கம்பியில் வளைத்துக் கட்டி, அடியில் அடுத்த ஆண்டுக்காக 2 மொட்டுள்ள குட்டைக் கிளை ஒன்றை விடுவார்கள். கோர்டோன் முறையில் நிரந்தரமான கை ஒன்று கம்பியோடு நிற்கும். அதில் ஒரு சாண் இடைவெளியில் 2 மொட்டுக் குட்டைக் கிளைகள். புதியவருக்குக் கோர்டோன் எளிது, எங்கே வெட்டுவது என்று குழப்பம் வராது. ஆனால் அடிமொட்டுகளில் காய்ப்பு குறைந்த ரகங்களுக்கு, நெபியோலோ அதில் ஒன்று, குயோதான் வேண்டும்.

வெட்டிய குச்சிகளை எறியுமுன் எடை போடுங்கள். ஒரு கொடியிலிருந்து கிடைத்த பழத்தின் எடையைக் குச்சியின் எடையால் வகுத்தால் 5 முதல் 10-க்குள் வர வேண்டும். 2.5 கிலோ பழம், 350 கிராம் குச்சி என்றால் ஏழு, நல்ல சமநிலை. விடை 3 என்றால் கொடி இலையிலேயே சக்தியைச் செலவிடுகிறது, மொட்டைக் கூட்டுங்கள். 12-ஐத் தாண்டினால் சுமை அதிகம், பழம் பழுக்கத் திணறும். கவாத்தைத் தாமதமாக, குளிர்காலம் முடியும் நேரத்தில் செய்தால் துளிர்ப்பும் சில நாள் தள்ளிப்போகும். பின்பனி தாக்கும் இடங்களில் இது பெரிய காப்பு.

இலை, நோய், பறவை

தளிர் 10 செ.மீ. வளர்ந்திருக்கிறது, வெப்பம் 10 டிகிரிக்கு மேல், ஒரே மூச்சில் 10 மி.மீ. மழை: இந்த மூன்று பத்தும் சேர்ந்தால் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் தொடங்கும் என்று வையுங்கள். தாமிர மருந்து மழைக்கு முன் இலையில் இருக்க வேண்டும். எண்ணெய்ப் புள்ளி தெரிந்தபின் அடித்தால் உள்ளே போன பூஞ்சையை அது தொடாது. தாமிர சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1880-களில் இந்த நோய்க்காகவே பிரபலமானது. தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது.

சாம்பல் நோய்க்கு மழை வேண்டாம், மிதமான வெப்பமும் நிழலும் போதும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், 10 நாளுக்கு ஒருமுறை, பூப்பதற்கு முன்பிருந்தே. 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே கந்தகத்தை நிறுத்துங்கள். தோலில் ஒட்டிய கந்தகத்தை ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும், தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

காய் பிடித்தவுடன் குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் எடுங்கள். காற்றோட்டத்தால் அழுகல் குறையும். பைரசீன் குறைவதும் இந்த ஆரம்ப வெயிலால்தான். மாலை வெயில் பக்கத்தையும் மொட்டையடித்தால் பழம் வெந்துபோகும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் வலை போடுங்கள். ஐம்பது கொடித் தோட்டத்தைப் பறவைகள் இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடும்.

எப்போது அறுப்பது

வாரம் இருமுறை, வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, நுனி என்று கலந்து 100 பழமணி பறியுங்கள். நல்ல பழத்தைக் கண்ணே தேடிப் போகும். அதனால் பார்க்காமல் பறிப்பதே சரி. நசுக்கி வடித்த சாற்றில் மூன்றைப் பாருங்கள்: சர்க்கரை 23 முதல் 25 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் சர்க்கரையின் சதவீதம்), பிஎச் 3.3 முதல் 3.6, மொத்தப் புளிப்பு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம். பிரிக்ஸை 0.57-ஆல் பெருக்கினால் வரப்போகும் ஆல்கஹால் தோராயமாகத் தெரியும்: 24 பிரிக்ஸுக்கு 13.7 சதவீதம்.

எண் மட்டும் போதாது. விதை பழுப்பாகி, கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். பச்சையாக வளைந்தால் டானின் கசக்கும். வெப்பமான ஆண்டில் சர்க்கரை முந்திவிடும், விதை பின்தங்கும். விதைக்காகக் காத்திருக்கலாம்தான், ஆனால் பிஎச் 3.7-ஐத் தாண்டும் அறிகுறி தெரிந்தால் நிற்காதீர்கள். பச்சை விதையைத் தோல் ஊறும் நாளைக் குறைத்துச் சமாளிக்கலாம். உயர்ந்த பிஎச் நிறத்தையும் பாதுகாப்பையும் ஒருசேரக் கெடுக்கும்.

நொதித்தல்

125 கிலோ பழத்துக்கு உணவுத்தரப் பிளாஸ்டிக் தொட்டிகள் போதும். தோல் மேலெழும், அதனால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். காம்பு நீக்கி, பழத்தைத் தோல் வெடிக்கும் அளவுக்கு மட்டும் நசுக்குங்கள். விதை உடைந்தால் கசப்பு.

1. நசுக்கிய உடனே 100 லிட்டர் மசியலுக்கு 7 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை (கெடாமல் காக்கும் சல்ஃபைட் உப்பு) தண்ணீரில் கரைத்துக் கலக்குங்கள். அதன் எடையில் 57 சதவீதம் கந்தக டைஆக்சைடு, எனவே லிட்டருக்கு 40 மில்லிகிராம் கிடைக்கும். அழுகல் உள்ள பழம் என்றால் 10 கிராம் வரை போகலாம்.

2. 12 முதல் 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட். 100 லிட்டருக்கு 25 கிராம் உலர் ஈஸ்ட்டை அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 250 மி.லி., 37 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். பின் கொஞ்சங்கொஞ்சமாகச் சாறு சேர்த்துக் கரைசலைக் குளிர்வித்து, மசியலுக்கும் அதற்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகே ஊற்றுங்கள். இந்த அவசரத்தில்தான் பாதி ஈஸ்ட் செத்துப்போகிறது.

3. நாளுக்கு மூன்று முறை தோல் அடுக்கைச் சாற்றுக்குள் அமுக்கி விடுங்கள். அடுக்கு காய்ந்தால் அசிட்டிக் பாக்டீரியா குடியேறி ஒயினை வினிகராக்கும். வெப்பமானியை அடுக்கின் உள்ளே குத்துங்கள். கீழே சாறு 27 டிகிரி காட்டும்போது அடுக்குக்குள் 32 இருக்கும்.

4. இலக்கு 25 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் மடிந்து, சர்க்கரை மிச்சத்தோடு நொதித்தல் நின்றுவிடும். சிறு தொட்டியில் எதிர்ச் சிக்கல்தான் அதிகம்: 40 கிலோ மசியல் தன் சூட்டை இழந்து 20 டிகிரியிலேயே தேங்கும், நிறம் இறங்காது. போர்வை சுற்றுங்கள், அறையைச் சூடாக்குங்கள்.

5. சாற்றின் தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்று வைத்தால்) 1.100 அளவில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும், 1.070 அளவில், ஈஸ்ட் உணவு கொடுங்கள். நைட்ரஜன் பற்றாக்குறையிலும் முட்டை நாற்றம் வரும். அது தெரிந்த அன்றே உணவும், வாளியிலிருந்து வாளிக்கு ஊற்றிக் காற்றும் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் மெர்காப்டனாக மாறிப் பூண்டு, ரப்பர் நாற்றமாக நிலைத்துவிடும்.

அறையின் கதவு சன்னல் திறந்தே இருக்கட்டும். ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அது கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலவறையிலும் ஆழமான தொட்டிக்குள் குனிந்து வேலை செய்யும்போதும் உயிர் போன சம்பவங்கள் இத்தொழிலில் புதிதல்ல.

தோல் எத்தனை நாள் என்பதுதான் பாணியைத் தீர்மானிக்கும் கேள்வி, அந்த ஐந்து ஜோடிகளும் இங்கேதான் உதவிக்கு வருகின்றன. ஆறு நாளில் பிழிந்தால் நிறம் இருக்கும், துவர்ப்பு மென்மை, சீக்கிரம் குடிக்கலாம். சர்க்கரை தீரும்வரை, பத்துப் பன்னிரண்டு நாள் விட்டால் நடுத்தரம். மூன்று வாரம் மூடி வைத்தால் விதை டானின் முழுக்க இறங்கும். மெடாக், பரோலோ பாணி. இந்த மூன்றாவதற்கு நன்கு பழுத்த விதையும், காற்றுப் புகாத மூடியும் இல்லையென்றால் முயலவே வேண்டாம்.

முதல் இரண்டு முழு அறுவடையிலும் பழத்தை 40 கிலோ வீதம் மூன்று தொட்டியாகப் பிரித்து இந்த மூன்றையும் செய்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 25 லிட்டர் அளவில் வரும். ஒரு கண்ணாடிக் குடுவைக்குச் சரி. வேறு எதையும் மாற்றாதீர்கள், ஈஸ்ட்டும் வெப்பமும் ஒன்றே இருக்கட்டும். நான்காவது தொட்டிக்குப் பழம் இருந்தால் அதில் கால் பங்கைக் காம்போடு முழுக்குலையாகப் போடலாம். காம்பு பச்சையாக இருந்தால் இலைச்சாறு ருசி வரும், பழுப்பேறியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பிழிந்த பிறகு

தானாக வடிவதைத் தனியே, பிழிந்து வருவதைத் தனியே பிடியுங்கள். பிழிசாறு கசக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசி இரண்டு லிட்டருக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடர்த்தி 0.996-க்குக் கீழே போனால் சர்க்கரை தீர்ந்தது.

அடுத்தது மேலோலாக்டிக் நொதித்தல். கூரிய மாலிக் அமிலத்தை பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். குடுவையை 20 டிகிரியில் வைத்து, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டி, வாங்கிய பாக்டீரியாவைச் சேருங்கள். இது முடியும்வரை சல்ஃபைட் போடவே கூடாது. முடிந்ததா என்பதைக் காகித நிறப்பிரிகையில் (அமிலங்களைத் தாளில் பிரித்துக் காட்டும் சோதனை) பாருங்கள்; குமிழி நின்றதை வைத்து முடிவு செய்தால் பாட்டிலுக்குள் மறுபடி தொடங்கித் தக்கையைத் தள்ளும்.

முடிந்ததும் வண்டலை விட்டு வடித்து, 25 லிட்டருக்கு 2.2 கிராம் மெட்டாபைசல்ஃபைட். இதில் ஏறத்தாழ பாதி பிணைந்துபோகும், மீதிதான் காவல் காக்கும். எவ்வளவு மீதி வேண்டும் என்பதை பிஎச்தான் சொல்லும்: 3.5 என்றால் லிட்டருக்கு 25 மி.கி., 3.7 என்றால் 39, 3.8 என்றால் 49. பிஎச் அளக்காமல் கை அளவில் போடுபவர்களின் ஒயின்தான் இரண்டாம் ஆண்டில் பழுப்பேறுகிறது.

குடுவையைக் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். மாதம் ஒருமுறை குறைந்ததை அதே மாதிரி ஒயினால் நிரப்புங்கள். மேலே வெண்படலம் கண்டால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். ஓக் வேண்டுமென்றால் 225 லிட்டர் பீப்பாய் உங்கள் அளவுக்கு ஆகாது. மிகச் சிறிய பீப்பாய் மரத்தை வேகமாக இறக்கி ஒயினை மூழ்கடிக்கும், ஆவியாகும் அளவும் அதிகம். வறுத்த ஓக் துண்டு லிட்டருக்கு 2 கிராம் போட்டு இரண்டு மூன்று மாதம், வாரம் ஒருமுறை ருசித்து, மரம் தெரியத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

10 முதல் 12 மாதத்தில் பாட்டில். அதற்கு முன் கடைசியாகச் சல்ஃபைட்டைச் சரிபார்த்து, சைஃபன் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தெறிக்காமல் நிரப்புங்கள். தக்கைக்குக் கீழே ஒன்றரை செ.மீ. இடம். மூன்று நாள் நேராக நிறுத்தி வைத்துவிட்டுப் படுக்கப்போடுங்கள்.

ஆறு மாதம் கழித்து மூன்று தொட்டியின் ஒயினையும், நீங்கள் இலக்காக வைத்த பிரதேசத்து ஒயின் ஒன்றையும் மறைத்து ஊற்றி, அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குடைமிளகாய் வாசனை வந்தால் இலை எடுத்தது தாமதம், அல்லது கொடியில் சுமை அதிகம். புளிப்பு தட்டையாக இருந்தால் அறுவடை பிந்திவிட்டது. அடுத்த முறை சாற்றிலேயே லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்தால் பிஎச் ஏறத்தாழ 0.1 இறங்கும். தொண்டை எரிந்தால் சர்க்கரை முந்தியிருக்கிறது, ஒரு வாரம் முன்னே மாதிரி எடுக்கத் தொடங்குங்கள். நடுவாய் காலியாக, தண்ணீராகத் தெரிந்தால் கவாத்துக் கணக்கை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொடிக்கு 4 கிலோ காய்த்திருக்கும்: அடுத்த கவாத்தில் கொடிக்கு இரண்டு மொட்டைக் குறைத்துவிட்டு, நிறம் மாறும்போது தளிருக்கு ஒரு குலை மட்டும் விடுங்கள்.